உல்லையில் ஓர் அழகு விடுதி

கட்டடமும் ஒரு கலைப்படைப்பே. ஆதலால் நாவலையும் நாடகத்தையும் மதிப்பிடுவது போல அதனையும் மதிப்பிட நமக்கு உரிமை உண்டு. பொத்துவிலை அடுத்த உல்லைக் கடற்கரை, அலைச்சறுக்கு விளையாட்டால் இன்று அறுகம்பே என உலகறிந்த இடம். அங்கே ‘பூட்டிக் ஹோட்டல்’ எனப்படும் சிறு விடுதியொன்றில் அண்மையில் இரு நாட்கள் தங்கினோம்.

அறைகள் பத்துக்கும் குறைவு. ஒவ்வொன்றும் தனிக் குடில். கிடுகு வேய்ந்த கூரை, இழைக்காத மரத்தூண், சுவரிலே பழைய கரைவலை, முற்றத்தில் பூச்செடி நட்ட உடைந்த தோணி. அழகில்லை என்று கூறினால் அது பொய். கண்ணாடியும் சீமெந்துமாய் நிற்கும் நகரத்துப் பெட்டிகளுக்கு இது எவ்வளவோ மேல். கடற்காற்று தடையின்றி வந்து போகிறது.

ஈழத்தில் இத்தகைய ரசனைக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் ஜெஃப்ரி பாவா. 1969இல் அவர் அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் விதானத்தை எனா டி சில்வாவின் பத்திக் துணிகள் அணிசெய்தன. கட்டடத்தோடு அக்கலைஞரின் பெயரும் நிலைத்தது.

உல்லை விடுதியின் குடிலுக்கோ ‘கபானா’ என்று பெயர், ஸ்பானியச் சொல். கரைவலைக்காரர் தம் வலையைக் காக்கக் கடலோரத்தில் இடும் கொட்டிலை நம்மவர் வாடி என்பர். சவளக்கடை வயலில் கதிர் காக்க இடுவதும் வாடிதான். வடிவம் வாடியினுடையது, பெயர் மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது. சுவரில் தொங்கும் வலையை இழுத்தவர் எவரென்று விசாரித்தோம். விடுதியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. மீனவன் கரையை விட்டு விலக வேண்டும். சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்கு. நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இந்த அநீதியை அறுகம்பேயை முன்னிறுத்தியே விளக்கினார். மணலும் ஒன்று, கிடுகும் ஒன்று: மீனவன் வேய்ந்தால் சட்டமீறல், விடுதி வேய்ந்தால் கலைநயம்! அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. உள்ளூர் இளைஞர் பலருக்கு அலைச்சறுக்குப் பருவம் சோறு போடுவதையும் மறுப்பதற்கில்லை. விடுதி நடத்துவோரில் உள்ளூராரும் உளர். ஆயினும், உழைப்பின் கருவியை அலங்காரமாக்கி, உழைத்தவனை மறைத்துவிடும் ரசனையை முழுமையான ரசனையென ஏற்க நம்மால் இயலவில்லை.

இப்பாணி எவர் கைக்கும் எளிதில் பொருந்திவிடுகிறது என்பதே பெரிய ஆபத்து. தெற்கே பாணமையில், சிங்களமும் தமிழும் உறவாகக் கலந்த அந்த ஊரில், 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கிய முகமூடியினர் விவசாயக் குடும்பங்களின் குடிசைகளை எரித்து அவர்களை விரட்டினர். பின்பு அப்பகுதியில் எழுந்தது கடற்படையின் உல்லாச விடுதி. அதற்கும் ‘கபானா’ என்றே பெயர். நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 2016இல் மக்களில் ஒரு பகுதியினர் எவர் அனுமதிக்கும் காத்திராமல் தம் காணிக்குள் நுழைந்தனர்.