மேடை போடுமுன் மந்தையைப் பாருங்கள்

கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கேப்டன்களும் பிட்ச்சுக்குப் போய்க் குனிந்து பார்க்கிறார்கள். விரிசல் எங்கே, புல் எவ்வளவு, ராத்திரி பனி இறங்குமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் டாஸ் ஜெயித்தால் என்ன செய்வது என்ற பேச்சே வருகிறது. இசை நிகழ்ச்சிக்கு இப்படிக் குனிந்து பார்ப்பவர் யாரும் இல்லை. பாடகர் யார், ஆர்கெஸ்ட்ரா எது, எத்தனை பெட்டி, எத்தனை ஆயிரம் வாட்ஸ் என்று பேசி முடித்து முன்பணமும் கைமாறிய பிறகு, கடைசியில்தான் மேடையை எங்கே போடுவது என்ற கேள்வி எழுகிறது. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கத்து மாரியம்மன் பொங்கல்களில் இதுதான் வழக்கம். சென்னையில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் போட்டு நடக்கும் நிகழ்ச்சிகள் சிலவும் இதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. கடைசி வரிசைக்குப் பாட்டு தெளிவாகப் போய்ச் சேருமா என்பதைப் பெட்டிகளின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. திடலின் கிடப்பும் ஆட்கள் உட்காரும் விதமும்தான் அதில் பெரும்பங்கை முடிவு செய்கின்றன. பெட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கணக்கு எளிது. ஒரே இடத்தில் அடுக்கி வைத்த பெட்டிகளிலிருந்து திறந்த வெளியில் போகிற ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் இறங்கும். 10 மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் 20 மீட்டரில் 94, 40 மீட்டரில் 88, 80 மீட்டரில் 82. காதுக்கு 10 டெசிபல் வித்தியாசம் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 80 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் 94 கிடைக்க வேண்டும் என்று ஒலிக்காரர் குமிழைத் திருப்பினால், 10 மீட்டரில் அது 112 ஆகிவிடும். 5 மீட்டரில் 118. நம் ஊர் மந்தைத் திடல்களில் அந்த 5 மீட்டரில் இருப்பது யார்? மேடைக்கு முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்காரும் சின்னப் பிள்ளைகள். தரையில் நிற்கும் பெட்டியின் வாய், சரியாக அவர்கள் காது உயரத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு வகுத்த வரம்பு, 15 நிமிட சராசரியில் 100 டெசிபல். பின்னால் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் அதற்கான விலையை முன்வரிசைப் பிள்ளையின் காது கொடுக்கிறது. இருக்கை ஏற்பாடு என்பது வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தூரம் ஒரு பக்கம் இருக்க, தட்டையான தரை இன்னொரு கொள்ளை அடிக்கிறது. சமதரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஒலி ஒவ்வொரு தலையையும் உரசிக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும். துணியும் உடம்பும் உச்ச ஒலிகளை உறிஞ்சிவிடும். பாட்டின் சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் பாடுகிறார் என்று தெரியும், என்ன பாடுகிறார் என்று தெரியாது. 1960-களில் மேல்நாட்டுக் கச்சேரி அரங்குகளை அளந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். இருக்கை வரிசைகளைத் தொட்டுக்கொண்டு போகிற ஒலியில் 150 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தனியாகக் குழிந்துபோகிறது. பேஸ் கிதாரின் உடம்பு இருக்கிற இடம் அது. அதற்கும் கீழே உள்ள ஆழ்ந்த அதிர்வு எதற்கும் அடங்காமல் எல்லாத் திசையிலும் பரவி, கருவேலங்காட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரை போகும். பக்கத்து ஊர்த் திண்ணையில் படுத்திருப்பவருக்குப் பாட்டு கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் கேட்பது இதனால்தான். மோசமாக அமைத்த திடலில், டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் நிற்பவரும் கிட்டத்தட்ட அந்தப் பக்கத்து ஊர்க்காரர் நிலையில்தான் இருக்கிறார்.

விளையாட்டுக்குக் கட்டிய இடத்தில் பாட்டை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி 1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு பாடியது. கூட்டம் சுமார் 55,600. பேஸ்பால் மைதானத்தின் நடுவில் மேடை, 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள், குரலுக்கு ஆட்ட அறிவிப்பு செய்கிற ஸ்டேடியத்து ஒலிபெருக்கி. ரசிகர்களின் கூச்சலில் பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. அந்தக் குழு அடுத்த ஆண்டோடு மேடைப் பயணத்தையே நிறுத்தியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. இங்கே 2023 செப்டம்பர் 10-ம் தேதி, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர்த் திடலில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நடந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. போனவர்களில் பின்னால் நின்றவர்கள் பாட்டே கேட்கவில்லை என்று முறையிட்டார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். அன்று பேசப்பட்டதெல்லாம் நெரிசலும் போக்குவரத்தும் பெண்கள் பட்ட அவதியும். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் கூட்டமும் ஒலியும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. எத்தனை பேர் எங்கே நிற்பார்கள் என்று வரைந்த படம் கலைந்துவிட்டால், அந்தப் படத்தை நம்பித் திருப்பிய பெட்டிகளும் கூடவே தவறிப்போகும்.

இந்த இடத்தில் தொழில் தெரிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். 1990-களில் பிரான்சின் கிறிஸ்டியன் ஹைல் கொண்டுவந்த லைன் அரே, அதாவது வாழைத்தார் மாதிரி வளைத்துத் தொங்கவிடும் பெட்டி வரிசை, இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதே என்பார்கள். பாதி நியாயம். அந்த வரிசையில் ஓரளவு தூரம் வரை, தொலைவு இரட்டிப்பாகும்போது 6-க்குப் பதில் 3 டெசிபல்தான் இறங்கும். உயரத்திலிருந்து வருவதால் தலைகளையும் தாண்டிவிடும். 2025 ஜனவரியில் அகமதாபாத் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் கோல்ட்ப்ளே குழு ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பாட முடிந்தது இந்த வழி வந்த கருவிகளால்தான். ஆனால் அந்த வரிசையில் ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை பாகை சாய்வு என்பதை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? முதல் வரிசை எங்கே, கடைசி வரிசை எங்கே, நடுவில் தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான். கடைசி நேரத்தில் பின்னால் இன்னும் இருபது வரிசை நாற்காலி போட்டால், அந்த வரிசைகளைப் பார்க்கும் பெட்டி ஒன்றுகூட இருக்காது. கருவி எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவுக்கு இருக்கைத் திட்டத்தை அது கூடுதலாகச் சார்ந்திருக்கிறது.

தூரத்தில் இருப்பவருக்கு நடுவழியில் இன்னொரு பெட்டியை நிறுத்துவது அடுத்த வழி. நம் ஊர் ரேடியோ செட்காரர்கள் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவதும் அதே யோசனைதான். ஆனால் மின்சாரம் கம்பியில் உடனே போகிறது, ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் நடக்கிறது. மேடையிலிருந்து 60 மீட்டரில் ஒரு பெட்டி வைத்தால், பக்கத்தில் இருப்பவர் அதில் சொல்லைக் கேட்டு ஏறக்குறைய 170 மில்லிநொடி கழித்து மேடையிலிருந்தும் அதே சொல் வந்து சேரும். டிரம்ஸில் ஒரு அடி இரண்டாக விழும். பொங்கல் விழாவில் அறிவிப்பாளர் சொல்லும் பெயர் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்புவது இதனால்தான். மைக் கோளாறு என்று அவரைத் திட்டுவதில் நியாயமில்லை. நடுப்பெட்டியின் ஒலியை அந்த 170 மில்லிநொடி தாமதித்து அனுப்பினால் குழப்பம் தீர்ந்தது. இப்போதைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இது ஒரு எண்ணைத் தட்டுகிற வேலை. ஆனால் மேடைக்கும் பெட்டிக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று யாராவது டேப் பிடித்து அளந்திருக்க வேண்டும்.

மண்டபத்துக்குள் போனால் பிரச்சினை தலைகீழ். அங்கே ஒலி தேய்வதில்லை, போக மறுக்கிறது. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், தகரக் கூரை என்று கட்டிய கல்யாண மண்டபத்தில் அடித்த அடி அடங்குமுன் அடுத்த அடி விழுகிறது. டென்மார்க்கில் 20 ராக் அரங்குகளை அளந்து, அங்கே வாசிப்பவர்களையும் ஒலிப் பொறியாளர்களையும் கேட்டு 2010-ல் வெளிவந்த ஆய்வு, நல்லவை என்று பெயரெடுத்த அரங்குகளில் எதிரொலி அடங்கும் நேரம் அளவுக்கேற்ப 0.6 முதல் 1.2 நொடி வரைதான் என்று கண்டது. மோசமானவை என்று ஒதுக்கப்பட்டவற்றில் 63, 125 ஹெர்ட்ஸ் ஆழ்ந்த ஒலிகள் நெடுநேரம் சுழன்றன. ராக்கிற்கு எந்த அரங்கு சுகம் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கூட்டம் நிறைந்தால் உடம்புகள் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். நடு, உச்ச ஒலிகளை உறிஞ்சும். ஆழ்ந்த ஒலியை மிகக் குறைவாகவே தொடும்.

திறந்த வெளியில் இன்னொரு ஆள் சத்தமில்லாமல் விளையாடுகிறார்: காற்று. பகலில் எங்கள் பொட்டலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சூடு. அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து ஆட்களின் தலைக்கு மேலே போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால் நிலைமை மாறி, ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒலிச்சோதனை செய்து வைத்த அளவு ராத்திரி ஒன்பது மணிக்குப் பொருந்தாமல் போவதும், விதிப்படி ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டிய பத்து மணி நெருங்கும்போது அடுத்த ஊர்க்காரர் புகார் சொல்வதும் இந்த வளைவால்தான். ஆடியில் மேற்கிலிருந்து மேல்காத்து அடிக்கும். மேடை கிழக்கே இருந்து கூட்டம் மேற்கே உட்கார்ந்தால் ஒலி காற்றை எதிர்த்துப் போகும்போது மேல்நோக்கி வளைந்துவிடும். அந்த மாதத்தில் மேடை மேற்கே இருக்க வேண்டும். தூற்றுவதற்குக் காற்று பார்த்து நிற்கத் தெரிந்த சம்சாரியைக் கேட்டாலே இதற்குப் பதில் கிடைக்கும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கு அமைப்பதை நிலம் தேர்வதில் தொடங்குகிறது. பிறகுதான் மூங்கில் வெட்டிக் கோல் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடை வருகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதுதான் வழி. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடி நாடகக் கொட்டகை முழுவதையும் எட்டிய காலமும் அப்படித்தான்: கூட்டம் மேடையை நெருங்கி உட்காரும், பாடகர் மேலே ஏறிப் பாடுவார். மைக் வந்த பிறகு நிலத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று நாம் நினைத்துக்கொண்டோம். கிரேக்கத்தின் எப்பிடாரஸ் அரங்கில் சுமார் 14,000 பேருக்கும் மைக் இல்லாமல் குரல் கேட்கிறது என்றால், சரிவில் ஏறும் படிகள் ஒவ்வொரு காதையும் முன்னால் இருக்கும் தலைக்கு மேலே தூக்கி வைப்பது அதில் முக்கியக் காரணம். சென்னை ஐஐடியின் திறந்தவெளி அரங்கில் சாரங் விழாவின் ராக் நிகழ்ச்சிகளுக்கு அந்தப் படிகளே பாதி வேலையைச் செய்து கொடுக்கின்றன.

நரிக்குடிப் பக்கம் படி கட்டப் பணம் ஏது என்று கேட்பீர்கள். படி ஏற்கெனவே இருக்கிறது, கண்மாய்க்கரை என்ற பெயரில். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் மேடை போட்டு, கரையின் உள்சரிவில் ஆட்களை உட்கார வைத்தால் போதும். மூன்று மீட்டர் உயரக் கரையின் சரிவு ஆறு மீட்டர் அகலம் இருந்தால் ஏழு வரிசை பிடிக்கும். 60 மீட்டர் நீளத்தில் ஒருவருக்கு அரை மீட்டர் வீதம் 840 பேர். இவர்கள்தான் வழக்கமாகக் கடைசியில் நிற்பவர்கள். இப்போது யார் தலையும் மறைக்காமல் கேட்பார்கள். கரையும் மேடையும் 40 மீட்டர் இடைவெளியில் இருந்தால் நடுவில் சமதரையில் உட்காருபவர்களுக்கும் தூரம் குறைவு. கரை மண்ணானதால் சுவர் போல ஒலியைத் திருப்பி அடிக்காது. கரை கெட்டுப்போகும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் கரையில் குழி தோண்டிக் கம்பம் நடுவதும் வண்டி ஏற்றுவதும் கூடவே கூடாது, அனுமதி வாங்காமல் செய்யவும் கூடாது. உட்கார்ந்து எழுவதால் கரை உடையாது.

ராக் என்றாலே இரைச்சல்தானே, கூட்டமே சேர்ந்து பாடும்போது தெளிவு எதற்கு என்பது கடைசி மறுப்பு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் கிதாரும் சேர்ந்து வந்தன. அந்தப் பாட்டுகளின் உயிர் அவற்றின் சொற்களில் இருக்கிறது. சொல் காதில் விழாவிட்டால் அங்கே அதிர்வு மட்டும்தான் மிஞ்சும். சேர்ந்து பாடும் கூட்டமும் தாளத்தை ஒரே நேரத்தில் கேட்டால்தான் சேர்ந்து பாடும்.

விழாக் கமிட்டி செலவில்லாமல் நாளையே மாற்றக்கூடியது ஒன்று உண்டு. மிக்ஸர் மேசை இன்று மேடையோரத்தில், பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒலிக்காரர் குமிழைத் திருப்புகிறார். திடலின் நடுவில், முன்னால் போடும் சோபாக்களுக்குப் பின்னால் முப்பது மீட்டரில் நான்கு கம்பு நட்டு அவருக்கு ஒரு மேசை போடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, அந்த நீளத்துக்குக் கேபிள் கொண்டுவரச் சொல்லுங்கள்.