எது மூலம்? சக்தி இசைக்குழுவின் ஒலிப்பதிவுகளில் பாடவேறுபாடுகள்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் மரபில் பாடவேறுபாடு என்பது நமக்குப் பழகிய சொல். ஏட்டுக்கு ஏடு சொல் மாறுபடுமிடத்துப் பதிப்பாசிரியர் ஒன்றை மூலபாடமாகக் கொண்டு, ஏனையவற்றை அடிக்குறிப்பில் தருகிறார். ஒலிப்பதிவான இசையை அணுகும்போதும் நாம் அறிந்தோ அறியாமலோ இம்முறையையே கையாளுகிறோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானதை மூலம் என்றும், மேடையில் வாசிக்கப்பட்டதை அதன் திரிபு என்றும் கொள்கிறோம். திரையிசை நமக்கு ஏற்படுத்திய பழக்கம் இது. மேடையில் பாடகர் ஒரு சங்கதியை மாற்றினால், ‘இசைத்தட்டில் உள்ளதுபோல் இல்லையே’ என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். சக்தி இசைக்குழுவின் பதிவுகளை ஒப்பிடுமிடத்து இப்பார்வை நிலைபெறுமா என்பதே எமது வினா.

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்ளின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை சாகிர் உசேன், கடக் கலைஞர் டி. எச். விநாயக்ராம் ஆகியோர் 1970களின் நடுப்பகுதியில் இணைந்தனர். தொடக்கத்தில் ராம்நாடு வி. ராகவன் மிருதங்கம் வாசித்தார். இக்கூட்டுறவில் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பங்குண்டு. மெக்லாக்ளின் அமெரிக்க வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். ராகவனும் அங்கே மிருதங்கம் கற்பித்தவர். கிட்டாரும் வயலினும் தபலாவும் ஒரே மேடையில் அமர்ந்ததைப் புதுமை என மேலையுலகம் வியந்தது. ஜொகூரில் வாழும் நமக்கு அது அத்துணைப் புதுமையன்று. இம்மாநிலத்தின் மலாய்க் கசல் குழுக்களில் ஆர்மோனியம், கம்புஸ் ஆகியவற்றோடு இம்மூன்று கருவிகளும் நெடுங்காலமாக ஒன்றாக ஒலித்து வருகின்றன. சக்தியின் புதுமை கருவிச் சேர்க்கையில் இல்லை. மேடையிலேயே இசையைப் படைத்துச் செல்லும் முறையில் உள்ளது.

‘லோட்டஸ் ஃபீட்’ (திருவடித் தாமரை) என்னும் உருப்படியை எடுத்துக்கொள்வோம். மெக்லாக்ளின் இயற்றிய இச்சிறு மெட்டுக்கு மூன்று பதிவுகள் நம் ஒப்பீட்டுக்குக் கிடைக்கின்றன. முதலாவது, மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ தொகுப்பில் உள்ள கூடப்பதிவு. இரண்டாவது, சக்தியின் முதல் தொகுப்பில் உள்ள மேடைப்பதிவு. இரண்டும் 1976இல் வெளிவந்தவை. கூடப்பதிவையே மூலமாகக் கொள்ளுதல் நம் வழக்கப்படி இயல்பானது. ஆனால் பதிவான நாளை நோக்கினால் வரிசை தலைகீழாகிறது. சக்தியின் மேடைப்பதிவு 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துச் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்தது. கூடப்பதிவோ அதன்பின் பிரான்சில் உருவானது. நாம் ‘திரிபு’ என எண்ணியது காலத்தால் முந்தியதாகிறது.

காலம் மட்டுமன்று, கேட்பின் அனுபவமும் இதனையே சொல்கிறது. கூடப்பதிவில் மின்னொலிகளின் மெருகு மெட்டைப் போர்த்திவிடுகிறது. மேடைப்பதிவில் கிட்டாரும் வயலினும் மெட்டைச் சேர்ந்து ஏந்திச் செல்கின்றன. தாளக் கருவிகள் ஒதுங்கிநின்று துணைசெய்கின்றன. அங்கே மெக்லாக்ளின் வாசித்தது மெட்டுக்கட்டைகளுக்கிடையே குழிவாகச் செதுக்கப்பட்ட, கூடுதல் அதிர்வுத்தந்திகள் கொண்ட கிட்டார். கமகத்துக்கு இடந்தரும் அவ்வமைப்பு வீணைப் பயிற்சியின் விளைவு எனக் கருத இடமுண்டு. மூன்றாவது பதிவு, 1997இல் இங்கிலாந்து மேடைகளில் எடுக்கப்பட்டு 1999இல் ‘ரிமெம்பர் சக்தி’ என வந்தது. அதில் சங்கர் இல்லை. வயலின் இருந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலிக்கிறது. கிட்டாரும் மின்கிட்டாராகிவிட்டது. மெட்டு அதுவே, ஆயினும் இதனை முன்னதன் பாடவேறுபாடு என அடிக்குறிப்பில் இட எம் மனம் ஒப்பவில்லை.

இவ்வொப்பீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எமக்கு அதுவே முதன்மையானது. முதல் தொகுப்பின் இறுதி உருப்படி ஏறத்தாழ 29 நிமிடம் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கிறது. கடமும் தபலாவும் மிருதங்கமும் தம் கற்பனையை விரிக்க அங்கே வெளியுண்டு. 1977ஆம் ஆண்டின் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ கூடத்தில் உருவானது. எட்டு உருப்படிகளில் ஒன்றேனும் பத்து நிமிடத்தை எட்டவில்லை. மெட்டு தப்பியது, விநாயக்ராமின் தாள விரிவே சுருங்கியது. இயற்றியவர் என உறையில் பெயர் பெறுவோர் மெட்டமைத்தவர்கள். மண்பானையில் அந்நொடியே படைக்கப்படும் கணக்குகளுக்கு ஆசிரியர் எவர் என உறை சொல்வதில்லை. கூடப்பதிவை மூலமாகக் கொள்ளுமிடத்து நாம் இழப்பது ஒரு தமிழ்க் கலைஞரின் படைப்புரிமையையே.

எம் வாதம் சற்றே இடறும் இடமும் உண்டு. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976) கூடப்பதிவுதான். ஆயினும் அதன் முதல் உருப்படி கொன்னக்கோல் சொற்கட்டுடன் தொடங்குகிறது. தாளமொழி அங்கே முகப்பிலேயே வைக்கப்பட்டுள்ளது. மேடைப்பதிவும் முழுமையான சான்றன்று. தட்டின் நீளம் அதற்கும் எல்லை வகுத்தது. 1997ஆம் ஆண்டு மேடைகளில் பதிவான ‘முக்தி’ ஒரு மணிநேரத்தைக் கடந்து ஒலிக்கக் குறுவட்டு வரவேண்டியிருந்தது.

‘கிரிராஜ் சுதா’வின் இரு பதிவுகள் இச்சிக்கலை இன்றைய காலத்துக்குக் கொணர்கின்றன. 2001இல் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ மேடைப்பதிவில் சங்கர் மகாதேவனின் குரலோடு மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் இழைகிறார். அவர் 2014இல் மறைந்தார். 2023இல் வந்த ‘திஸ் மொமெண்ட்’, கலைஞர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து தத்தம் பகுதிகளைப் பதிவுசெய்து இணைத்த தொகுப்பு. 2024இல் கிராமி விருதும் பெற்றது. அதில் மாண்டலின் இல்லை, கணேஷ் ராஜகோபாலனின் வயலின் உள்ளது. துல்லியத்தில் குறை கூறுதற்கில்லை. எனினும், ஒருவர் வாசித்ததைக் கேட்டு மற்றவர் அந்நொடியில் மறுமொழி தருவதையே மூச்சாகக் கொண்ட குழுவுக்கு அப்பதிவு எவ்வகை ஏடு? அதில் தாளப் பொறுப்பைச் சாகிர் உசேனுடன் பகிர்ந்தவர் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ். 2024 டிசம்பர் 15ஆம் நாள் சாகிர் உசேனும் மறைந்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து வாசித்த மேடைப்பதிவுகளையே நாம் வகுப்பறைக்கு முதலில் கொண்டுசெல்வோம். கூடப்பதிவு அடிக்குறிப்பில் இருக்கட்டும்.