பொருத்தம் பார்க்காத கணிப்புகள்

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து சீசனில் லீக் ஆட்டங்களின் கடைசி நாள். ஒவ்வோர் அணியும் 82ஆவது ஆட்டத்தை ஆடும் அந்த நாளில்கூட, மேற்குப் பிரிவில் யாருடன் யார் மோதப்போகிறார்கள் என்பது தெளிவாகவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ், டென்வர் நகெட்ஸ், லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் மூன்றும் கடைசியில் 50 வெற்றி, 32 தோல்வி என்று ஒரே கணக்கில் வந்து நின்றன. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸுக்கு 49 வெற்றி. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கும் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸுக்கும் 48. அன்று வாரியர்ஸைக் கூடுதல் நேரத்தில் 124-119 என்று கிளிப்பர்ஸ் வீழ்த்தியது. அதனால் கிளிப்பர்ஸுக்கு 5ஆம் இடம்; வாரியர்ஸ் 7ஆம் இடத்துக்கு இறங்கி, பிளே-இன் ஆட்டத்தில் ஆடித்தான் உள்ளே வர வேண்டியதாயிற்று. ஒரே ஓர் ஆட்டம், அதுவும் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம், பிளே ஆஃப் முதல் சுற்றின் ஜோடிகளை அடுக்கிக் கொடுத்தது.

முதல் சுற்று 19ஆம் தேதி தொடங்கியது. இடைப்பட்ட அந்த ஆறு நாட்களில்தான் ஆண்டுதோறும் கணிப்புகள் குவிகின்றன. தொலைக்காட்சி நிபுணர்கள், நாளிதழ் எழுத்தாளர்கள், கணினி மாதிரிகளை நடத்துபவர்கள் என்று எல்லோரும் எட்டுத் தொடர்களுக்கும் ஒரு வரி எழுதுகிறார்கள்: இந்த அணி வெல்லும், இத்தனை ஆட்டங்களில் வெல்லும். இந்த வழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கூடைப்பந்தைக் கூர்ந்து பார்க்க ரசிகனைப் பழக்கும் வாய்ப்பு இதைப்போல் வேறு எதிலும் இல்லை. அந்த வாய்ப்பு பெரும்பாலும் வீணாகிறது என்பதுதான் என் குறை.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றுக் கணிப்புக்கு இருக்கும் அடித்தளம் பிற்பாடு வரும் எந்தச் சுற்றுக்கும் இல்லை. எதிராளி யார் என்பது உறுதி. 82 ஆட்டங்களின் பதிவு கையில் இருக்கிறது. இரு அணிகளும் அந்தச் சீசனிலேயே சில முறை மோதியிருக்கும். இரண்டாம் சுற்றைக் கணிக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு தொடர்களின் முடிவை ஊகிக்க வேண்டும். ஊகத்தின் மேல் ஊகம் ஏறிக்கொண்டே போகும். முதல் சுற்றில் அந்தச் சிக்கல் இல்லை. தவிர, லீக் ஆட்டங்களில் பயிற்சியாளருக்கு இன்று ஓர் அணி, நாளை மறுநாள் வேறொரு அணி என்று ஓட்டம்தான். பிளே ஆஃபில் இரண்டு வாரங்களுக்கு ஒரே எதிரி. யார் யாரைக் காப்பது, எந்த ஆட்டக்காரரைக் குறிவைத்துத் தாக்குவது என்பதெல்லாம் அப்போதுதான் உண்மையான கேள்விகளாகின்றன.

ஆனால் இதே அடித்தளம் ஒரு மயக்கத்தையும் தருகிறது. 16 அணிகள் ஆடும் பிளே ஆஃப் 1984இல் வந்தது. அப்போதிலிருந்து 2025 வரை முதலிடத்து அணியும் எட்டாமிடத்து அணியும் 84 தொடர்களில் மோதியிருக்கின்றன. எட்டாமிடம் வென்றது ஆறே முறை: 1994இல் டென்வர், 1999இல் நியூயார்க், 2007இல் கோல்டன் ஸ்டேட், 2011இல் மெம்ஃபிஸ், 2012இல் ஃபிலடெல்ஃபியா, 2023இல் மயாமி. இவற்றில் முதல் இரண்டும் முதல் சுற்று ஐந்தாட்டத் தொடராக இருந்த காலத்தில் நடந்தவை. 2003இலிருந்துதான் அது ஏழாட்டத் தொடர். ஆக, தரவரிசையைப் பார்த்து மேலே இருக்கும் அணியின் பெயரை எழுதுகிறவரும் ‘எட்டில் ஆறு சரியாகச் சொன்னேன்’ என்று மார்தட்டிக்கொள்ளலாம். அந்தச் சரிக்கும் கூடைப்பந்து அறிவுக்கும் தொடர்பில்லை. கணிப்பவரின் தரம் தெரிவது நான்காமிடமும் ஐந்தாமிடமும் மோதும் தொடரில், மூன்றாமிடமும் ஆறாமிடமும் மோதும் தொடரில்.

அடுத்தது ஆட்டங்களின் எண்ணிக்கை. ‘ஆறு ஆட்டங்களில்’ என்று எழுதும்போது ஒரு துல்லியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கு நூற்றுக்கு 60 வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். ஏழாட்டத் தொடரை அது வெல்ல நூற்றுக்கு 71 வாய்ப்பு. ஐந்தாட்டத் தொடராக இருந்தால் 68. அந்த அணி ஐந்தாவது ஆட்டத்தில் தொடரை முடிக்க 21 வாய்ப்பு, ஆறாவதில் முடிக்கவும் அதே 21. நான்கிலோ ஏழிலோ முடிக்க அதைவிடக் குறைவு. சொந்த மைதான அனுகூலத்தைச் சேர்த்தாலும் இந்தப் படம் பெரிதாக மாறாது. அதாவது, அணிகளின் பலத்தைக் கணிப்பவர் பிசகில்லாமல் அளந்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், ஆட்ட எண்ணிக்கையில் ஐந்துக்கு நான்கு முறை தவறத்தான் செய்வார். எட்டுத் தொடர்களிலும் இப்படி 71 வாய்ப்புள்ள அணி இருந்தால், எட்டையும் சரியாகச் சொல்வதற்கு நூற்றுக்கு ஏழுகூடத் தேறாது.

2008இல் பாஸ்டன் செல்டிக்ஸ் 66 வெற்றிகளோடு வந்தது. எதிரே 37 வெற்றி, 45 தோல்வியோடு அட்லாண்டா ஹாக்ஸ். அந்தச் சீசனில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களிலும் பாஸ்டனுக்கே வெற்றி. நான்கே ஆட்டங்களில் முடியும் என்று எழுத இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. தொடரோ ஏழாவது ஆட்டம் வரை போனது. ஏழிலும் சொந்த மைதானத்தில் ஆடிய அணியே வென்றது. பிறகு அதே பாஸ்டன் கோப்பையையும் வென்றது. வென்றவர் பெயரைச் சரியாகச் சொன்ன கணிப்புகள் அந்தத் தொடரைப் பற்றி எதையுமே சொல்லியிருக்கவில்லை.

இப்போது தவறிய கணிப்புகளுக்கு வருகிறேன். எல்லாத் தவறும் ஒரே வகை கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘நிபுணர்கள் ஏமாந்தார்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது பெரிய அநியாயம்.

2007இல் டல்லஸ் மாவரிக்ஸ் 67 ஆட்டங்களில் வென்று முதலிடத்தில் இருந்தது. 42 வெற்றியோடு கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்தது கோல்டன் ஸ்டேட். பட்டியலைப் பார்த்தால் 25 வெற்றிகள் வித்தியாசம். ஆனால் அந்தச் சீசனில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களையும் வென்றது கோல்டன் ஸ்டேட்தான். அதன் பயிற்சியாளர் டான் நெல்சன் 2005 வரை டல்லஸில் இருந்தவர். 1998இல் டர்க் நோவிட்ஸ்கி என்ற இளைஞர் ஜெர்மனியிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது அவர் காலத்தில்தான். நோவிட்ஸ்கிக்கு எந்த இடத்தில் பந்து வந்தால் பிடிக்கும், எது பிடிக்காது என்பது நெல்சனுக்கு மனப்பாடம். ஏழடி உயரக்காரரைக் காக்க இன்னோர் ஏழடிக்காரரைத் தேடாமல், உயரம் குறைவானாலும் வேகமும் உடல் வலுவும் உள்ள ஸ்டீஃபன் ஜாக்சன் போன்றவர்களை அவர்மீது ஏவினார். நோவிட்ஸ்கி திரும்பினால் இன்னொருவர் வந்து மறித்தார். டல்லஸ் பயிற்சியாளர் ஏவரி ஜான்சன், 67 வெற்றி தந்த தன் முதல் ஐவரை முதல் ஆட்டத்திலேயே மாற்றி, எதிரணியின் சிறிய, வேகமான அமைப்புக்குத் தன் அணியை இழுத்துச் சென்றார். அந்த மாற்றமே பாதித் தோல்வி என்று நான் நினைக்கிறேன். ஆறாவது ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 13 முறை எறிந்து இரண்டைத்தான் கூடையில் போட்டார். டல்லஸ் 4-2 என்று வெளியேறியது. சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அதற்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது.

இதில் எதிர்பாராத விபத்து எதுவும் இல்லை. தேவையான எல்லாத் தகவலும் தொடர் தொடங்கும் முன்பே எல்லோர் கண்முன்னும் இருந்தது. தரவரிசையைப் பார்த்தவர்கள் பொருத்தத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தவறுக்குக் கணிப்பாளர்தான் பொறுப்பு.

2012இல் நடந்தது வேறு. முதலிடத்தில் இருந்த சிகாகோ புல்ஸ், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. சிகாகோவின் டெரிக் ரோஸ் கூடையை நோக்கிப் பாய்ந்து, இரண்டு காலையும் ஊன்றி எழும்பியபோது இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. அந்த ஆட்டத்தைச் சிகாகோ வென்றது, தொடரை இழந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அதே அணியின் ஜோக்கிம் நோவாவின் கணுக்காலும் போனது. சிகாகோ வெல்லும் என்று எழுதியவரைக் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது? அந்தக் கணிப்பு நல்ல கணிப்புதான். முடிவை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், 2007இல் டல்லஸைச் சொன்னவரும் 2012இல் சிகாகோவைச் சொன்னவரும் ஒரே தட்டில் உட்காருவார்கள்.

2023 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் அது என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மில்வாக்கி பக்ஸ் 58 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடம். மயாமி ஹீட் 44 வெற்றி. சீசன் முழுக்கக் கூட்டினால் போட்ட புள்ளிகளைவிட விட்ட புள்ளிகள் அதிகம். பிளே-இன்னில் அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை வென்று கடைசிக் கதவு வழியாக வந்த அணி. முதல் ஆட்டத்திலேயே மில்வாக்கியின் யானிஸ் ஆன்டெடோகும்போ முதுகில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை. சரி, காயம்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? மில்வாக்கி அந்தத் தொடரில் வென்ற ஒரே ஆட்டம் யானிஸ் இல்லாத இரண்டாவது ஆட்டம். அவர் திரும்பி வந்த நான்காவது ஆட்டத்தில் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளிகள் எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில் யானிஸ் 23 ஃப்ரீ த்ரோக்களில் 10தான் போட்டார். கடைசிக் கால்பகுதியில் 16 புள்ளி முன்னிலையை மில்வாக்கி கரைத்தது. அரை நொடி மிச்சமிருக்க, எல்லைக் கோட்டிலிருந்து தூக்கி எறியப்பட்ட பந்தைப் பட்லர் அந்தரத்தில் பிடித்து, விழுந்துகொண்டே கூடையில் தள்ளிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி 128-126 என்று வென்றது. சீசன் முழுக்க மூன்று புள்ளி வீச்சில் திணறிய மயாமி, இந்தத் தொடரில் மட்டும் எறிந்ததில் கிட்டத்தட்ட பாதியைப் போட்டது. காயம், ஒரு மனிதரின் அசாத்திய ஆட்டம், வீச்சில் வந்த அதிர்ஷ்டம் என்று மூன்றும் சேர்ந்தன. எந்த மாதிரியும் இதைச் சொல்லியிருக்காது. சொல்லியிருந்தால்தான் அந்த மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும்.

கணிப்பைப் பற்றிப் பேசும்போது பணத்தைத் தவிர்க்க முடியாது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தன. ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த விஷயம் பந்தய விகிதங்களோடு சேர்த்துத் திரையில் ஓடத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் டொராண்டோ ராப்டர்ஸின் ஜோன்டே போர்ட்டருக்கு என்.பி.ஏ. ஆயுள் தடை விதித்தது; தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரர்களுக்குச் சொன்னதும் அதற்கேற்ப ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியதும் அவர் மீதான குற்றங்களில் அடக்கம். யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்ற செய்திக்கு விலை வந்துவிட்ட இடத்தில், பொதுவில் கிடைக்கும் செய்தியை நம்பி எழுதும் எளிய கணிப்பாளர் பின்தங்கியே இருப்பார். அதைவிடப் பெரிய சேதம் எழுத்துக்கு. ‘யார், எத்தனையில்’ என்ற ஒற்றை வரி பந்தயச் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. காரணத்துக்கு அங்கே இடமில்லை.

எனக்கு வேண்டியது காரணம்தான். அது எப்படி இருக்கும் என்பதற்கு 2025லிருந்தே ஒரு தொடரைச் சொல்கிறேன். மூன்றாமிட லேக்கர்ஸ், ஆறாமிட மினசோட்டா. பிப்ரவரியில் ஆன்டனி டேவிஸைக் கொடுத்து லூக்கா டோன்சிச்சை வாங்கியிருந்தது லேக்கர்ஸ். லெப்ரான் ஜேம்ஸும் டோன்சிச்சும் ஒரே அணியில் இருந்ததால் பலரும் லேக்கர்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். டேவிஸ் போனதும் கூடைக்கு அடியில் நிற்க ஆளில்லாமல் போனது. அந்த இடத்துக்கு மார்க் வில்லியம்ஸை வாங்க முயன்று, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். இதெல்லாம் பிப்ரவரியிலேயே ஊரறிந்த செய்தி. எதிரே, மினசோட்டாவின் கூடைக்கு அடியில் நிற்பவர் ரூடி கோபெர்.

முதல் நான்கு ஆட்டங்களில் கோபெர் பெரிதாகப் பேசப்படவில்லை. நான்காவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் ஒரே ஐந்து பேரை மாற்றாமல் ஆடவிட்டார். 116-113 என்று தோற்றார். நம்பி இறக்க உயரமான ஒருவர் பெஞ்சில் இல்லை என்பதை அந்த 24 நிமிடங்கள் காட்டிக் கொடுத்தன. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டா மூன்று புள்ளிக்கு 47 முறை எறிந்து ஏழைத்தான் போட்டது. எந்த அணியும் இப்படி எறிந்துவிட்டு வெளியூரில் ஜெயிக்க முடியாது. ஆனால் தவறிய பந்துகள் கோபெரின் கைக்குப் போயின. 27 புள்ளி, 24 ரீபவுண்ட். மினசோட்டா 103-96 என்று வென்று தொடரை 4-1 என முடித்தது.

ஏப்ரல் 18 அன்று ஒருவர் இப்படி எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்: லேக்கர்ஸுக்கு நூற்றுக்கு 60 தருகிறேன், ஆனால் அவர்களிடம் கூடைக்கு அடியில் ஆள் இல்லை, கோபெரைத் தடுக்க வழி தெரியவில்லை, அங்கே கோபெரின் கை ஓங்கினால் மினசோட்டாவின் வீச்சு மோசமாக இருந்தாலும் லேக்கர்ஸ் தோற்கும். வென்ற அணியின் பெயரில் அவர் தவறியிருப்பார். அவர் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து ஆட்டங்களையும் பார்த்த ரசிகனுக்கு, நான்காவது ஆட்டத்தில் ரெடிக் ஏன் ஆளை மாற்றவில்லை என்பது அங்கேயே, அந்த நொடியிலேயே புரிந்திருக்கும்.