தாய்ப் பரிவாம்!

தீர்ப்புகளை இலக்கியமாகக் கருதிப் படிப்போர் சிலரே. எனினும், 1976 ஏப்ரல் 28-ல் உச்சநீதிமன்றம் அளித்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பை, நூலொன்றைத் திறனாய்வது போலவே சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தல் வேண்டும், தோழர்காள்!

மிசாவில் அடைபட்டவன், தன்னைப் பிடித்தது முறைதானா என்று நீதிமன்றத்தைக் கேட்கலாமா? கேட்கலாம் என்றன பல உயர்நீதிமன்றங்கள். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கூடாது என்றனர், உச்சநீதிமன்றத்தின் ஐவரில் நால்வர். விசாரணையின்போது நீதிபதி கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயை வினவினார்: காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகைக்காக ஓர் உயிரைப் பறித்தால்? அப்போதும் பரிகாரமில்லை என்பதே விடை! அதைச் செவியாரக் கேட்ட பின்னும் அந்நால்வரின் பேனா நடுங்கவில்லை.

நால்வருள் ஒருவரான பெய்க், காவலிலுள்ளோர் நல்ல இருப்பிடமும் நல்ல உணவும் பெற்று, ஏறக்குறையத் தாயின் பரிவோடு பேணப்படுவதாக அறிகிறோம் என்று எழுதினார். எப்படி அறிந்தார்? வழக்கோ, மனுவை ஏற்கலாமா என்ற அளவிலேயே நின்றது. சாட்சி விசாரணைக்கு இடமே எழவில்லை. பூசாரி திருநீறு நீட்டினால் 'ஆதாரம் என்ன?' என்று கேட்கும் நம் இளைஞர், நீதியரசர் நீட்டும்போதும் கேட்கத்தானே வேண்டும்!

அத்தீர்ப்புக்கு முன்பே, 1976 பிப்ரவரித் தொடக்கத்தில், சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தனர். மாநகர மேயராக இருந்த சிட்டிபாபு 1977 சனவரியில் மாண்டார். பின்னர் நீதிபதி மு. மு. இஸ்மாயிலின் விசாரணைக் குழு, அடித்தது உண்மையே என்று கண்டது. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்த அறிஞர். எனவே நமக்காகப் பரிந்து எழுதினார் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

'அரசு சொல்லும், நீதிமன்றம் கேளாது' என்னும் இப்பாட்டு நரிக்குடி வட்டாரத்துக்குப் புதியதன்று. இந்த வானம் பார்த்த பூமிக்குத் தெற்கே, கமுதி, அபிராமம் பக்கத்து முதியோரைக் கேளுங்கள்; ரேகைச் சட்டம் என்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் அது. ஆப்பநாட்டு மறவர் மீதும் பாய்ந்தது. திருடினானா என்ற கேள்வியில்லை. பிறந்தானா என்பதே கேள்வி! பிறந்தால் பெருவிரலை நீட்டவேண்டும். ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என 1924-ஆம் ஆண்டுச் சட்டமே வாயடைத்தது. சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947-ல். வெள்ளையன் எழுதிய அவ்வாசகத்தை, முப்பதாண்டுகூட ஆகுமுன், நம்மவரே வேறு மொழிநடையில் எழுதினர். வெள்ளையன் தாயை இழுக்கவில்லை, அவ்வளவே வேற்றுமை.

மறுத்தெழுதிய ஒருவர் கன்னா. சிட்டிபாபு மாண்ட அதே சனவரியில், கன்னாவுக்கு முறைப்படி வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி, அவரைத் தாண்டி, பெய்க்குக் கிடைத்தது. அத்தீர்ப்பைத் தவறென்று உச்சநீதிமன்றம் தள்ளியது 2017 ஆகஸ்டில், நாற்பத்தோராண்டு கழித்து. தள்ளும் தீர்ப்பை எழுதியவர், அந்நால்வருள் ஒருவரான சந்திரசூட்டின் மகன்.