ஸ்னோக் யார்? – பாத்திர அடையாளமும் சுவைஞர் கருதுகோள்களும்

'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத் தொடரில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' ஸ்னோக் என்னும் எதிர்நிலை மாந்தனை அறிமுகம் செய்தது. பேருருவ ஒளிப்படிமமாகத் தோன்றும் அவனது முன்வரலாறு அதில் கூறப்படவில்லை. இவ்விடைவெளியே சுவைஞரிடையே விவாதத்திற்கு வித்திட்டது. அவனை டார்த் பிளேகஸ் எனப் பலர் கருதினர். 2005ஆம் ஆண்டுப் படத்தில் பால்பட்டீன் கூறும் கதையில், பிறர் இறப்பைத் தடுக்கும் ஆற்றல் பெற்றிருந்தும் தன் மாணவனால் கொல்லப்பட்டவன் பிளேகஸ். ஸ்னோக்கின் தழும்புகளும் பின்னணி இசையின் ஒப்புமையும் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

புதிய பாத்திரம் பழையதொன்றன் மறுவடிவாகவே இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இக்கருதுகோளின் அடிப்படை எனலாம். 1983ஆம் ஆண்டுப் படத்தின் பேரரசனுக்கும் முன்வரலாறு இல்லையே என்பது மறுதரப்பினர் வாதம். இது முழுதும் பொருந்துவதன்று. பேரரசன், கதை தொடங்கும்போதே ஆட்சியில் இருப்பவன். ஸ்னோக்கோ அப்பேரரசு வீழ்ந்தபின் எழுந்தவன். பெற்ற வெற்றி எவ்வாறு பறிபோயிற்று என்னும் வினா, 'ஸ்னோக் யார்?' என்பதனுள் அடங்கியுள்ளது.

2017ஆம் ஆண்டு வெளிவந்த 'தி லாஸ்ட் ஜெடை' விடை கூறாமலேயே மாணவன் கைலோ ரென் கையால் அவனை மாய்த்தது. மாணவனின் பாத்திர வளர்ச்சிக்கு இது துணைபுரிந்தது, வினா எஞ்சியது. 2019ஆம் ஆண்டின் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்', ஸ்னோக் பால்பட்டீனின் படைப்பே என்றது. எனின், மாண்ட பால்பட்டீன் மீண்டது எங்ஙனம்? சுவைஞர் தேடியது பெயரையன்று, காரணத்தை எனக் கொண்டால், இவ்விடை வினாவை இடம் மாற்றியதேயன்றித் தீர்க்கவில்லை.