சமயக் கணக்கரும் சமய அறிவியலாரும்: ஐரோப்பிய ஒப்பியல் சமய ஆய்வில் தமிழின் இடம்

முன்னுரை

உலகச் சமயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் துறை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்துறையாக உருப்பெற்றது. மக்ஸ் முல்லர் 1870இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவை 1873இல் நூலாக வெளிவந்தன. இத்துறையில் தமிழ் பெற்ற இடம் பற்றித் தமிழ் ஆய்வரங்குகளில் இருவகைக் கூற்றுகள் அடிக்கடி ஒலிக்கின்றன. ஐரோப்பியர் தமிழ்ச் சமய நூல்களைப் புறக்கணித்தனர் என்பது ஒன்று. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மணிமேகலை ஒப்பியல் சமய ஆய்வை நிகழ்த்திவிட்டது என்பது மற்றொன்று. முன்னது பாதி உண்மை. பின்னதோ எந்தப் பொருளில் உண்மை என்று விளக்கப்படாமலே போற்றப்படுவது.

இவ்விரு கூற்றுகளையும் நூல்களின் அமைப்பை வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நூல் எவற்றைச் சமயம் என்று எண்ணுகிறது, எந்த முறையில் அவற்றை வரிசைப்படுத்துகிறது, ஒப்பிடுபவர் தாம் நிற்கும் இடத்தை வெளிப்படச் சொல்கிறாரா என்னும் மூன்று வினாக்களே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

தரங்கம்பாடியும் ஹாலேயும்

தமிழர் சமயம் பற்றிய செய்திகள் ஒல்லாந்தப் போதகர்கள் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை அடைந்தன. பழவேற்காட்டில் பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸின் நூல் 1651இலும், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பல்தேயஸின் நூல் 1672இலும் அச்சாயின. ஆனால் தமிழ் ஏடுகளைத் தாமே படித்து, அவற்றின் அடிப்படையில் ஒரு முழு விளக்கத்தை அமைக்க முயன்றவர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஆவார். தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இல் அவர் ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். 1711இல் 'மலபார்ப் புறச்சமயம்' என்னும் நூலையும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழி பற்றிய நூலையும் ஜேர்மன் மொழியில் எழுதி முடித்தார்.

இரண்டாம் நூலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என நான்கு பகுதிகளாக அது அமைந்துள்ளது. அய்யனாரும் மாரியம்மனும் பிடாரியும் அங்காளம்மனும் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்த பகுதியிலேயே தனித்தனி விளக்கம் பெறுகின்றனர். நூலில் மட்டும் வாழும் சமயத்தையன்றி ஊரில் வாழும் சமயத்தையும் சீகன்பால்கு கணக்கில் எடுத்தார். இதற்காக அவரும் அவருடைய துணைவர் கிரண்ட்லரும் தமிழர்களிடம் வினாக்கள் அனுப்பி மடல்களாக விடை பெற்றனர். அம்மடல்கள் ஜேர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரின் மிஷன் அறிக்கைகளில் அச்சாயின. எழுதியோர் பெயர்கள் அச்சேறவில்லை.

நூல்களின் கதை வேறாயிற்று. மிஷனரிகள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை வேரறுக்கவே, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்னும் கருத்தில் ஹாலேயின் தலைவர் பிராங்கே அவற்றை அச்சிட மறுத்தார். தெய்வங்களின் மரபுவழி நூல் 1867இல் சென்னையில் ஜெர்மன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. 'மலபார்ப் புறச்சமயம்' 1926இல் அம்ஸ்ரர்டாமில் காலண்ட் பதிப்பாக வெளிவந்தது. முன்னது 154 ஆண்டுகளும் பின்னது 215 ஆண்டுகளும் கையெழுத்துப் படியாகவே கிடந்தன. ஆகவே புறக்கணிப்பு என்னும் சொல்லை நாம் துல்லியமாகப் பயன்படுத்த வேண்டும். தமிழ் கற்கப்படாமல் போகவில்லை. கற்கப்பட்டது உரிய காலத்தில் அச்சேறவில்லை. ஒப்பியல் சமய ஆய்வு தனித்துறையாக உருப்பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் அய்யனாரும் மாரியம்மனும் இடம்பெற்ற அந்த நூல் சென்னையில் அச்சேறியது.

ஒக்ஸ்போர்டின் ஐம்பது தொகுதிகள்

மக்ஸ் முல்லர் தம் 1870ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் மொழிக் குடும்பத்தையே சமய வகைப்பாட்டின் அடிப்படையாகக் கொண்டார். ஆரியம், செமித்தியம், தூரானியம் என்பன அவர் வகுத்த மூன்று குடும்பங்கள். திராவிட மொழிகளை அவர் 1854இலேயே தூரானியப் பிரிவில் சேர்த்திருந்தார். இவ்வகைப்பாட்டில் தமிழ்ச் சைவத்தை எங்கே வைப்பது? மொழியால் அது ஒரு குடும்பம். வேதத்தையும் ஆகமத்தையும் பொது நூலும் சிறப்பு நூலுமாகக் கொள்ளும் மரபால் அது மற்றொரு குடும்பம். மொழியையும் சமயத்தையும் ஒரே கோட்டில் வைத்த முறைக்குத் தமிழ் ஒரு கடினமான எதிர்ச்சான்று. அந்த எதிர்ச்சான்றை முல்லர் எதிர்கொள்ளவில்லை. தூரானியப் பிரிவில் அவர் விரித்துப் பேசியது சீனத்தையே.

இதன் விளைவை அவர் பதிப்பித்த 'கீழைத்தேயப் புனித நூல்கள்' வரிசையில் காணலாம். 1879 முதல் 1910 வரை வெளிவந்த 50 தொகுதிகளில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அவெஸ்தா, பஹ்லவி, அரபு, சீன மொழி நூல்கள் உள்ளன. தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. தமிழகத்தில் தோன்றிய இராமானுசரின் வேதாந்த உரை 1904இல் 48ஆம் தொகுதியாக இடம்பெற்றது. அது சமஸ்கிருத நூல் என்பதே அதற்குக் கிடைத்த நுழைவுச் சீட்டு. இடையில், 1900இல், அதே ஒக்ஸ்போர்ட் கிளாரண்டன் அச்சகம் ஜி. யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பைத் தமிழ் மூலத்தோடு வெளியிட்டது. ஒரே நகரம், ஒரே அச்சகம். எனினும் திருவாசகம் வரிசைக்கு வெளியே தனி நூலாக நின்றது. உலகச் சமயங்களின் புனித நூல்கள் எவை என்று அறிய விரும்பிய வாசகர் அந்த வரிசையையே நாடினர்; போப்பின் நூல் தமிழ் பயில்வோரின் நூலாயிற்று.

அருளை ஒப்பிட்டவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை சற்று மாறியது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஷோமரஸ் தமிழகத்தில் வாழ்ந்து தமிழ் மூலங்களைக் கற்று, சைவ சித்தாந்தம் பற்றி 1912இல் ஜேர்மன் மொழியில் விரிவான நூல் எழுதினார். 1923இல் திருவாசகத்தையும் மொழிபெயர்த்தார். பிராங்கே மறுத்த அதே ஹாலே நகரின் பல்கலைக்கழகத்தில் அவர் பின்னர் பேராசிரியரானார்.

ருடோல்ப் ஒட்டோ 1930இல் இந்திய அருள்நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். வைணவத்தின் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் ஆகியவற்றை அதில் அவர் எடுத்தாள்கிறார். இந்திய மரபில் அருள் பற்றிய ஆழ்ந்த சிந்தனை உண்டு என்று ஐரோப்பியக் கிறித்தவ வாசகர்க்கு ஐயமற உணர்த்தியது இந்நூலின் பெருமை. ஆனால் அவருடைய சான்றுகள் பெரும்பாலும் சமஸ்கிருத நூல்களே. அந்த விவாதம் ஆழ்வார் பாசுரங்களின் மேல், பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் கையாண்ட தமிழிலும் மணிப்பிரவாளத்திலும் வளர்ந்தது என்பது நூலில் உரிய அழுத்தம் பெறவில்லை.

இதைவிட முக்கியமானது அவருடைய முடிவு. இரு நெறிகளும் ஒரே அச்சில் சுழலவில்லை என்கிறார் ஒட்டோ. இந்திய நெறி பிறவித் தளையிலிருந்து விடுபடுதலை நாடுகிறது; கிறித்தவமோ பாவத்தையும் மன்னிப்பையும் மையமாகக் கொண்டது என்பது அவர் துணிபு. சைவ சித்தாந்தத்தின் ஆணவக் கோட்பாட்டை இங்கே எதிர்வைக்க வேண்டும். ஆணவம் ஒரு செயலால் வந்த குற்றமன்று; செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியாகவே உடனுள்ள மறைப்பு. உயிர் தன் முயற்சியால் மட்டும் அதனின்று நீங்க இயலாது, திருவருள் வேண்டும். இது கிறித்தவப் பாவக் கோட்பாட்டோடு முற்றும் ஒத்ததன்று. ஆயினும் தளை என்றும் பாவம் என்றும் இரண்டாகப் பிரித்த ஒட்டோவின் கோடு இதன்முன் அவ்வளவு நேராக நிற்காது. ஷோமரஸின் நூல் ஜேர்மன் மொழியிலேயே கிடைத்தும் ஒப்பீட்டின் முடிவை அது அசைக்கவில்லை.

தமிழ் மரபின் சமயக் கணக்கு

இனித் தமிழ் மரபின்பால் வருவோம். மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆண் தவசி வடிவில் வஞ்சி நகரை அடைந்த மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வரிசையின் தலைப்பில் அளவைவாதி நிற்பது தற்செயலன்று. எதை எப்படி அறிகிறோம் என்பது பொதுவாகத் தெளிந்த பிறகே கொள்கைகளை எடைபோட முடியும் என்னும் கருத்து அதில் உள்ளது. காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் பூதவாதியிடம், உன் பெற்றோரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்னும் கருத்தில் அவள் வினவுவதும் அளவை பற்றிய வினாவே.

அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் பரபக்கம் இம்முறையை மேலும் செறிவாக்குகிறது. உலோகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு கொள்கைகள் அங்கே ஆராயப்படுகின்றன. பௌத்தம் மட்டுமே நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் முதலில் பிறர் மதம் கூறப்பட்டு, அடுத்து அதன் மறுதலை வைக்கப்படுகிறது. சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வரிசைப்படுத்தும் சைவ முறையும் நாம் அறிந்ததே. இவ்வரிசையின் மையம் எது என்பதில் மறைப்பு எதுவும் இல்லை. தூரத்தை அளப்பவர் தம் வீட்டு வாசலிலிருந்தே அளக்கிறார்; அதை வெளிப்படையாகவும் சொல்கிறார். முல்லரின் மொழிக்குடும்ப மரமோ நடுநிலை அறிவியலாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, அளப்பவர் நிற்கும் இடத்தை மறைத்தது.

இம்முறை புதிய சமயங்களையும் எதிர்கொள்ள வல்லது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பேர்சிவலோடு உழைத்த ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவ வழிபாட்டு முறைகளைப் பழைய ஏற்பாட்டுச் சடங்குகளோடு ஒப்புவைத்து அவர் நிகழ்த்திய வாதம், எதிர்த்தரப்பின் நூலை எதிர்த்தரப்பின் அளவையாலேயே நிறுக்கும் பரபக்க மரபின் தொடர்ச்சியாகும்.

ஆயினும் பெருமிதத்திற்கு ஓர் எல்லை உண்டு. இந்நூல்கள் ஒப்பிட்டது வெல்வதற்காகவே. மணிமேகலை கேட்கும் பத்துக் கொள்கைகளும் இறுதியில் பௌத்த அறத்திற்கு வழிவிடவே வைக்கப்பட்டுள்ளன. மேலும், வாதி இல்லாத வழிபாட்டுக்கு இக்கணக்கில் இடமில்லை. அய்யனாருக்கு வாதி இல்லை. மாரியம்மனுக்கு அளவை நூல் இல்லை. ஆகவே அவர்கள் பதின்மரிலும் இல்லை, பதினான்கிலும் இல்லை. ஊர்த் தெய்வங்களுக்குப் பட்டியலில் இடம் தந்தவர் தரங்கம்பாடிப் போதகரே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கடனும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதன் பௌத்தக் கலைச்சொற்களை விளக்கத் தமிழ்நாட்டில் பௌத்த ஆசிரியர் எவரும் இல்லை. ஐரோப்பியர் எழுதிய பௌத்த ஆராய்ச்சி நூல்களைப் பேராசிரியர் ரங்காசாரியார் படித்து விளக்க, அத்துணையோடு அவர் அக்காப்பியத்தைத் தெளிந்தார். நாம் நம்முடையதென்று எடுத்துக்காட்டும் சமயக் கணக்கு மீண்டும் பொருள் விளங்கியதில் ஐரோப்பிய ஒப்பியல் ஆய்வுக்கும் பங்குண்டு.

ரொறன்ரோவும் சமயம் என்னும் சொல்லும்

1916இல் ரொறன்ரோவில் பிறந்து 2000இல் இந்நகரிலேயே மறைந்த வில்பிரட் கன்ற்வெல் ஸ்மித், ஐரோப்பிய ஒப்பியல் ஆய்வை அதன் அடிச்சொல்லிலேயே வினவியவர். தனித்தனி எல்லைகளோடு, தனித்தனிப் பெயர்களோடு நிற்கும் 'சமயங்கள்' என்னும் கருத்து ஐரோப்பாவில் பிற்காலத்தில் உருவானது. மனிதரின் நம்பிக்கையையும் தலைமுறைகளாகத் திரண்ட மரபையும் வேறுபடுத்தி ஆராய்வதே தகும் என்று அவர் 1960களின் தொடக்கத்தில் வாதிட்டார்.

தமிழ்ச் சொற்கள் அவருக்கு ஓரளவு துணை நிற்கின்றன. மதம் என்பதற்குக் கருத்து, கொள்கை என்பதே பழம்பொருள். நன்னூல் கூறும் எழுவகை மதம் என்பது உடன்படுதல், மறுத்தல் முதலாக ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தின்பால் மேற்கொள்ளும் நிலைப்பாடேயன்றி, பிறப்பால் சேரும் கூட்டமன்று. ஆனால் மணிமேகலையின் பட்டியல் அவருக்கு ஒரு திருத்தத்தையும் வைக்கிறது. பெயரும் எல்லையும் உடைய எதிரெதிர்க் கொள்கைகளை எண்ணும் வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பா புதிதாகக் கொணர்ந்தது அந்தக் கொள்கைப் பெயரை மக்கட்பெயராக்கி, ஒருவர்க்கு ஒன்றே என்று எண்ணிய கணக்கெடுப்பை. மடுமாதாவை நாடிச் சென்ற சைவர்களை அக்கணக்கெடுப்பின் எந்தக் கட்டமும் காட்டாது.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. ஒன்ராறியோவின் உயர்நிலைப் பள்ளிகளில் உலகச் சமயங்கள் பதினோராம் வகுப்பில் ஒரு பாடமாக உள்ளது. சைவம் என்றே தம் சமயத்தைச் சொல்லிவந்த யாழ்ப்பாணத்தவரின் பேரப்பிள்ளைகள் ஸ்காபரோ வகுப்பறைகளில் அதை இந்து சமயத்தின் ஒரு கிளையாகக் கற்கின்றனர். வைரவருக்குப் பாட்டி வைத்த வடைமாலை அந்தப் பாடச் சட்டத்தில் எங்கு அடங்கும் என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. வேதம், உபநிடதம், கீதை என விரியும் அச்சட்டம் ஒக்ஸ்போர்டின் ஐம்பது தொகுதிகள் விட்டுச்சென்ற மரபுரிமையே.

முடிவுரை

ஐரோப்பிய ஒப்பியல் சமய ஆய்வு தமிழை அறியாததால் தவறியதன்று. அறிந்ததைத் தன் சட்டத்துக்குள் கொணராததால் தவறியது. தமிழ்ச் சமயக் கணக்கு ஒப்பிடுபவரின் இடத்தை மறைக்காத நேர்மை உடையது. ஆனால் வாதத்துக்கு வராத வழிபாட்டைக் காணாதது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப வல்லது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயன்.

இதன் அடிப்படையில் மூன்று பணிகளை இவ்வரங்கின்முன் வைக்கலாம். முதலாவது, சீகன்பால்கு, ஷோமரஸ் ஆகியோரின் ஜேர்மன் நூல்களும் தமிழர் எழுதிய மடல்களும் மூலத்திலிருந்து முழுமையாகவும் குறிப்புரைகளோடும் தமிழில் வரவேண்டும். இரண்டாவது, மணிமேகலையின் 27ஆம் காதையும் பரபக்கமும் இலக்கியப் பாடமாக மட்டுமன்றி, ஒப்பீட்டு முறை பற்றிய கோட்பாட்டு நூல்களாகவும் சமயவியல் துறைகளில் படிக்கப்பட வேண்டும். மூன்றாவது, வாதி இல்லாத வழிபாடுகள், அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே, ஈழத்திலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பதிவுசெய்யப்பட வேண்டும். தமிழ் இருக்கைக்காக மக்கள் தம் சேமிப்பிலிருந்து நிதி தந்த இந்நகரத்தில் இம்மூன்றையும் தொடங்குவதற்குப் பல்கலைக்கழகமும் உண்டு, முதியோரும் உண்டு. முதற்கண் செய்ய வேண்டியது மூன்றாவதே, நூல்கள் காத்திருக்கும்.