பிள்ளைத்தமிழ்க் குழவியும் துறைமுகக் குழந்தையும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தை வளர்ச்சியின் படிநிலைகளை முன்னுணர்ந்து வகுக்கப்பட்டவை என்னும் கருத்து தமிழியற் கட்டுரைகளிலே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மேனாட்டு உளவியலாளர் இருபதாம் நூற்றாண்டிற் கண்டதைத் தமிழ்ப் புலவர் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே கண்டனர் என்று கூறுவதில் ஒரு மனநிறைவும் உண்டு. மனநிறைவு ஆராய்ச்சிக்கு ஈடாகாது. குழந்தையை நோக்கும் முறை ஒன்றைத் தமிழ் மரபு நமக்குத் தந்திருப்பின், அதன் வலிமையையும் குறைபாட்டையும் அறிதல் இலக்கியத் திறனாய்வுக்கு மட்டுமன்றி, இன்று திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலர் பாடசாலைகளிலே அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் வேண்டப்படுவதாகும்.

முதலிற் பொருத்தத்தை நோக்கலாம். பாட்டியல் நூல்கள் பருவங்களின் காலத்தை வரையறுப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபடினும், மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களிலே காப்பு முதற் சிறுதேர் ஈறாக அமைப்பது ஒரு மரபு. அம்மரபின்படி செங்கீரை ஐந்தாம் மாதத்திற்கும், சப்பாணி ஒன்பதாம் மாதத்திற்கும், வருகை பதின்மூன்றாம் மாதத்திற்கும் உரியன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளை அவதானித்து 2006ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, கையும் முழந்தாளும் ஊன்றித் தவழ்தல் 5.2 மாதத்திற்கும் 13.5 மாதத்திற்கும் இடையிலும், துணையின்றி நடத்தல் 8.2 மாதத்திற்கும் 17.6 மாதத்திற்கும் இடையிலும் நிகழ்வதாகக் காட்டிற்று. வருகைப் பருவம் இவ்வெல்லைக்குள் இயல்பாக அமைகின்றது. செங்கீரையோ முந்திய விளிம்பிலே நிற்கின்றது.

எனினும் இப்பொருத்தத்தைக் கொண்டு பாட்டியலாரை உளவியலாளராக்குதல் பொருந்தாது. அதே ஆய்வு, குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வரளவில் அவ்வாறு தவழாமலே நடைபயின்றனர் என்றும் கண்டது. ஆராய்ச்சி இன்ன வயது முதல் இன்ன வயது வரை என ஒரு பரப்பைக் கூறுகின்றது. பாட்டியல் ஒரு திங்களைக் குறிக்கின்றது. முன்னது குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டைத் தன் பொருளாகக் கொண்டது. பின்னது பாட்டுடைத் தலைவனுக்குரிய ஒழுங்கைத் தன் பொருளாகக் கொண்டது. பாட்டியலாரின் திறன் வீட்டு முதுபெண்டிர் அறிந்திருந்ததை ஒழுங்குபடுத்தியதிலேயே உள்ளது. அது சிறிய திறனன்று. ஆனால் அது வேறு திறன்.

பிள்ளைத்தமிழின் உண்மையான நுண்மை மாதக் கணக்கிலன்று, அம்புலிப் பருவத்திலேயே வெளிப்படுகின்றது. தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிலவைக் காட்டுகின்றாள். இருவர் கண்களும் மூன்றாவதொரு பொருளிற் சென்று சேர்கின்றன. குழந்தை உளவியலாளர் இதனை இணைந்த கவனம் என்பர். மிகச் சிறிய குழந்தைகளும் பெரியவரின் பார்வை செல்லும் திசையைத் தொடர வல்லவர் என்பதை 1975ஆம் ஆண்டிலே ஸ்கேஃப், புரூணர் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதைக் குழந்தை கற்கும் முதற்களம் இதுவே எனப் பின்வந்தோர் பலர் கருதினர். 'நிலா' என்னும் சொல் அகராதியிலிருந்து குழந்தையிடம் வருவதில்லை. தாயின் விரலுக்கும் வானத்திற்கும் இடையே தோன்றுகின்றது. இக்காட்சியைத் தமிழ்ப் புலவர் ஒரு பருவமாகவே வகுத்தமை வியப்புக்குரியது.

ஆயின் அக்காட்சி நிலைபெறுகின்றதா என்பதே திறனாய்வாளன் எழுப்பவேண்டிய வினா. அம்புலியை அழைக்கும் புலவர் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாளவேண்டும் என்பது மரபு. அக்கணமே பாட்டு குழந்தையை விட்டு அம்புலியை நோக்கித் திரும்புகின்றது. அம்புலியை விட்டுப் புலவர் அவையை நோக்கித் திரும்புகின்றது. இணைந்து நோக்கிய இருவருள் ஒருவர் மறைந்துவிடுகின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதற் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை, பாட்டுடைக் குழந்தை கேட்கின்றது, ஆடுகின்றது, வருகின்றது, மறுமொழி கூறுவதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்திலே மணல்வீடு கட்டிய சிறுமியர் பேசுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் அங்கும் பேச்சு தலைவனை நோக்கிய வேண்டுகோளாகவே அமைகின்றது. அச்சிறுமியர் மணலிலே எதனை வீடெனக் கண்டனர் என்பது பாட்டின் அக்கறையன்று. பாவனை விளையாட்டிலே குழந்தையின் சிந்தனையைத் தேடிய பியாஜேக்கு அவ்வீடுகளே முதன்மையாயிருந்திருக்கும்.

இக்குறை தமிழ் மரபு முழுமைக்கும் உரியதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்திலே மூன்று வயதுச் சம்பந்தர் தந்தையின் வினாவிற்கு விடையாக விரலை உயர்த்திச் சுட்டுகின்றார், பாடுகின்றார். இராமேச்சரத்திலிருந்து கோணமலையை அவர் போற்றியமையையும் அந்நூலே கூறும். கோணேசர் கோயிலை அறிந்த ஒவ்வொருவரும் கேட்டு வளர்ந்த கதை இது. அதன் அற்புதத்தை ஒருபுறம் வைத்து நோக்கினும், வினவும் முதியவர், சுட்டும் குழந்தை, சுட்டப்படும் பொருள் என்னும் மூன்றும் அங்கு முழுமையாக உள்ளன. ஏறத்தாழ ஒரு வயதளவிலே குழந்தை விரலாற் சுட்டுவது, 'அதைத் தா' என்பதற்கு மட்டுமன்றி 'அதைப் பார்' என்பதற்காகவும் நிகழ்வது என்று எலிசபெத் பேட்சும் உடன் ஆய்ந்தோரும் 1975இற் கூறினர். பேச்சுக்கு முன்னரே குழந்தைக்குக் கூறுவதற்கு ஒன்று இருக்கின்றது என்பதே அதன் பொருள். எனினும் சேக்கிழாரிடத்துப் பேசும் உரிமை தெய்வக் குழந்தைக்கே கிட்டியது. அவ்வுரிமையைச் சாதாரணக் குழந்தைக்கு வழங்கியோருள் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் குறிப்பிடத்தக்கவர். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அவரது 'ஆடிப்பிறப்பு'ப் பாடலிலே ஒரு குழந்தை தன் தோழரை அழைத்துப் பேசுகின்றது, பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஈழத்துக் குழந்தை இலக்கியத்தின் திருப்புமுனையை அதன் எளிய சொற்களிற் காண்பதைவிட, இக்குரல் மாற்றத்திற் காண்பதே தகும்.

ஆனால் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் யாழ்ப்பாணக் குழந்தையின் உலகம். திருகோணமலைக் குழந்தையின் உலகத்திலே உட்துறைமுகத்துக் கப்பல் விளக்குகள் உள்ளன. பிரெட்ரிக் கோட்டையுள் உலவும் புள்ளிமான்கள் உள்ளன. ஒரே சந்தையிலே தமிழும் சிங்களமும் முஸ்லிம் மக்களின் தமிழ் வழக்கும் ஒலிக்கின்றன. 2004இன் கடற்கோளையும் 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளின் இடப்பெயர்வையும் சிறு வயதிற் கண்டோர் பலர் இன்று பெற்றோராயுள்ளனர். இழந்த கல்வியைத் தம் பிள்ளையேனும் விரைந்து பெறவேண்டும் என்னும் அவாவை அத்தகையோரிடத்துக் குறைகூற இயலாது. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி ஐந்து வயதுக்கு மேற்பட்ட பாடசாலைக் கல்வியையே தழுவிற்று. பாலர் கல்வி 1987இன் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாண சபைகளின் பொறுப்பாயிற்று. அதனை நடத்துவோரோ பலதிறத்தினர். இவ்விடைவெளியிலே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நான்கு வயது வரை நீண்டு விழுகின்றது. எழுத்துருக்களைப் பார்த்து எழுதுதலும் ஒருங்கே ஒப்புவித்தலும் கல்வியின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றன.

விசயதசமியன்று ஏடு தொடக்குகையிலே பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது அழகிய சடங்கு. அது ஒரு நாளுக்குரியது. அதனை ஆண்டு முழுமைக்கும் உரிய போதனா முறையாக்கும்போது, சுட்டுதற்குரிய விரல் என்றும் பிடிக்கப்பட்ட விரலாகவே நின்றுவிடுகின்றது. தனித்துச் செய்யவியலாததைத் துணையுடன் செய்து, பின் தனித்தும் செய்யக் குழந்தை பழகும் என்று வைகொட்ஸ்கி கூறியதற்கு, துணை ஒருநாள் விலகவேண்டும் என்பதும் பொருளாகும். குழந்தை கேட்கவும் ஒப்புவிக்கவும் மட்டுமே வேண்டும் என்னும் மனப்பாங்கிற்குப் பிள்ளைத்தமிழ் காரணமன்று. ஆயின் அவ்விலக்கியத்தைக் குழந்தை உளவியல் என்று கொண்டாடுவோர், அதன் மௌனக் குழவியையே இலட்சியக் குழந்தையாக ஏற்கும் இடருக்கு உள்ளாகின்றனர்.

இதற்கு மாற்று, மேனாட்டு நூல்களிலே மட்டும் தேடவேண்டியதன்று. இக்கரையிலேயே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் எடுத்துப் பாட ஏனையோர் ஏற்று மறுமொழி பாடுவர். மறுமொழி இல்லையேல் வலை கரையேறாது. மணலில் நின்று கேட்கும் சிறுவன் முதலிற் கற்பது பாட்டின் சொற்களையன்று, தன் முறை வரும் இடத்தையே. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே முறைமாறி நிகழும் ஒலிப் பரிமாற்றத்தை 1970களில் ஆராய்ந்த திரெவார்தன் உரையாடலின் வேரென்று கண்டதும் இம்முறைமாற்றத்தையே.

எனவே பிள்ளைத்தமிழ் குழந்தையை அன்போடு நோக்கிய இலக்கியம். குழந்தை நோக்கிய உலகைக் கூறிய இலக்கியமன்று. அம்புலியைக் காட்டிய தாயின் விரலை அது நமக்குத் தந்தது. மறுபுறம் உயரும் சிறு விரலைக் கண்டு, அது எதனைச் சுட்டுகின்றது என்று வினவுதல் பாலர் ஆசிரியரின் பணி. துறைமுக விளக்கைக் காட்டி ஒரு குழந்தை ஏதோ சொல்ல முற்படும்போது, அகர வரிசையைச் சற்றே நிறுத்திக் கேட்கும் ஆசிரியரிடத்திலேதான் அம்புலிப் பருவம் நிறைவு பெறுகின்றது.